கையாளாக ஐந்து வருஷம்: யார் சாட்சி?

மின்கம்பியாள் உதவியாளர் (ஒயர்மேன் ஹெல்பர்) தேர்வுக்கு அறிவிப்பு பேப்பரில் வந்துவிட்டால் போதும், ராஜபாளையத்தில் இருக்கும் என் கடைக்கு ஒயர் வாங்க வருகிறவர்களைவிடக் கையெழுத்து வாங்க வருகிறவர்கள்தான் அதிகம். "அண்ணாச்சி, ஒரு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் மட்டும்" என்று ஆரம்பிப்பார்கள். பாதிப் பேரை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேர்வை நடத்துவது வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. அரசு ஐ.டி.ஐ.யில் நடக்கும். 21 வயது முடிந்திருக்க வேண்டும், ஒயரிங் வேலையில் 5 வருஷத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். வயசுக்கு ஆதாரம் வீட்டிலேயே இருக்கும். அனுபவத்துக்குத்தான் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரைத் தேடி அலைய வேண்டும். அவருடைய லெட்டர்ஹெட்டில், லைசென்ஸ் நம்பரோடு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்ன வேலை பார்த்தான் என்று எழுதி வாங்கணும்.

இதில் ஒரு கோளாறு இருக்கிறது. நம்ம ஊர்களில் ஒயரிங் கற்றுக்கொள்கிற பையன் யாரிடம் சேர்கிறான்? தெருவில் வேலை எடுத்துச் செய்யும் மேஸ்திரியிடம். வேலையில் அவர் கெட்டிக்காரராக இருப்பார். கையில் ஒரு காகிதமும் இருக்காது. ஆனால் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் மூலமாகத்தான், தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் வீட்டு ஒயரிங் நடக்கணும் என்பது சட்டம். 1956 மின்சார விதிகளில் அது 45-வது விதி. 2010-ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த ஒழுங்குமுறையில் 29. அதையும் 2023-ல் புதுப்பித்துவிட்டார்கள். ஆக, மேஸ்திரியிடம் பையன் உழைத்த ஐந்து வருஷமும் காகிதத்தில் நடக்கவே கூடாத வேலை. நடக்கக் கூடாததற்கு யார் சான்று தருவது?

அதனால்தான் கையெழுத்துக்கு ஒரு விலை வந்துவிட்டது. என்னிடமும் கவருக்குள் வைத்து நீட்டியவர்கள் உண்டு. நான் போடுவதில்லை. நல்லவன் என்று காட்டிக்கொள்ள இல்லை. நாளைக்கு அந்தப் பையன் யாரோ ஒருவர் வீட்டில், லைன் எல்லாம் பிரிகிற டி.பி. பாக்ஸைத் திறப்பான், அவனை உள்ளே விட்ட காகிதத்தில் என் லைசென்ஸ் நம்பர் இருக்கும்.

தெரியாத முகம் வந்தால் உட்காரவைத்து ரெண்டு கேள்வி கேட்பேன். புத்தகக் கேள்வி இல்லை, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பற்றி. "30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்ட வீடு. ஒரு ரூமில் லைட்டைப் போட்டால் மட்டும் டிரிப் ஆகுது. மெக்கர் வைத்துப் பார்த்தாச்சு, இன்சுலேஷன் சுத்தம். எங்கே கை வைப்பே?" வேலை பார்க்காதவன் ஆர்.சி.சி.பி.யை மாற்றணும் என்பான். போன வருஷம் வந்த ஒரு தம்பி யோசிக்கவே இல்லை. "இன்வெர்ட்டர் இருக்கா அண்ணாச்சி? இருந்தா அந்த நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் எங்கேயோ சேர்ந்து கிடக்கும். சுவிட்ச் பாக்ஸ் பாக்ஸா கழட்டிப் பார்க்கணும்" என்றான். இது கையில் ஷாக் வாங்கிப் படித்த பதில்.

ஆனால் பதிலை மனுவோடு பின் அடிக்க முடியாதே. "ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்றேன். போனை எடுத்தான். எல்லாம் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் எடுத்த ஸ்லாப் படங்கள். கம்பிக்கு நடுவே பைப் ஓடுகிறது, ஜங்ஷன் பாக்ஸுக்குள் சிமெண்ட் பால் இறங்காமல் இருக்கப் பேப்பர் திணித்திருக்கிறது. ஒரு படத்தில் கட்டுக்கம்பியும் குறடுமாக இவனே குத்தவைத்திருக்கிறான், மீசை முளைக்காத முகம். பின்னாடி பைப் அடைத்துக்கொண்டால் மேஸ்திரியோடு தகராறு வரக்கூடாது என்று எடுத்து வைத்தானாம். ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது.

ஒயரிங் வேலையில் சாட்சி எல்லாம் பூச்சுக்குள் போய்விடும். அதனால் புதுசாகச் சேர்கிற பையன்களுக்குச் சொல்கிறேன்: ஸ்லாப் படத்தையும், டி.பி. பாக்ஸுக்குள் ஒயர்களை ஒழுங்காக அடுக்கிக் கட்டி முடித்த படத்தையும் நீங்கள் தெரிகிற மாதிரி எடுத்து வையுங்கள். வீட்டுக்காரர் பேர், தெரு, தேதி ஒரு நோட்டில் இருக்கட்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து அட்டை வாங்கிவிடுங்கள். அது லைசென்ஸ் கான்ட்ராக்டர் கையெழுத்துக்கு ஈடாகாது, ஆனாலும் இந்தத் தொழிலில்தான் இருந்தீர்கள் என்று சொல்லும். முடிந்தால் லைசென்ஸ் உள்ளவரிடமே சேருங்கள், கூலி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

அந்தத் தம்பியை நான் சேர்த்துக்கொண்டேன். என்னிடம் இருந்த காலத்துக்கு நான் எழுதித் தரலாம், அதற்கு முந்தைய காலத்துக்கு முடியாது. அவன் வேலை கற்ற மேஸ்திரிக்கு லைசென்ஸ் இல்லை. சரி, அவர் முடித்த வீடுகளுக்கு ஈ.பி. கனெக்‌ஷன் வந்திருக்கிறதே, எப்படி வந்தது? வேலை முடிந்ததாக ஒரு கான்ட்ராக்டர் ரிப்போர்ட் கொடுத்திருப்பார். வீட்டுக்காரர்களிடம் கேட்டுப் பழைய ஃபைலைப் புரட்டச் சொன்னேன். எல்லாவற்றிலும் ஒரே பேர், ஒரே நம்பர். ஆளும் பக்கத்து ஊர்தான்.

இருவரும் போனோம். "இந்தப் பையனை நான் பார்த்ததே இல்லையே" என்றார். உண்மைதான். அந்த வீடுகளையும் அவர் பார்த்திருக்க மாட்டார். படங்களைக் காட்டினோம், மசியவில்லை.

"அண்ணே, இந்த வீடெல்லாம் உங்க மேற்பார்வையில் நடந்த வேலைன்னு ரிப்போர்ட்டில் இருக்கு. அப்போ அங்கே வேலை பார்த்தவனை நீங்க பார்த்திருக்கணுமே" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் நியூட்ரல் கேள்வி மாதிரியே அவரும் அவனிடம் ரெண்டு மூணு கேட்டார். திருப்தியான பிறகுதான் லெட்டர்ஹெட்டை எடுத்தார், அந்த வீடுகள் நடந்த காலத்துக்கு மட்டும். என் கடிதத்தையும் சேர்த்தால் ஐந்து வருஷத்துக்கு மேலேயே வந்தது. மனு ஐ.டி.ஐ.யில் கொடுத்தாச்சு.