பாடம் எடுப்பதற்கு முன்னால்

சபையில் வாலிபர் வேதபாட வகுப்பை என்னிடம் கொடுத்தபோது முதலில் கைக்கு வந்தது ஒரு ரெடிமேட் பாடக்குறிப்பு. மூன்று தலைப்பு, தலைப்புக்கு இரண்டு வசனம். சொல்லிவிட்டு வந்துவிடலாம்தான். ஆனால் குறுக்கே ஒரு கேள்வி வந்தால் குறிப்பு பதில் சொல்லாது. அதை ஓரமாக வைத்துவிட்டு, பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதமான பிலிப்பியர் நிருபத்தை எடுத்தேன்.

நான்கே அதிகாரம், 104 வசனம். ஒரே மூச்சில் படித்துவிடலாம். குறிப்பேடு, விளக்கவுரை எதுவும் இல்லாமல் திரும்பத் திரும்ப அப்படித்தான் படித்தேன். அப்புறம், அந்தச் சபை உருவான கதை இருக்கிற அப்போஸ்தலர் புத்தகத்தின் 16-ம் அதிகாரத்துக்குப் போனேன். இரத்தாம்பரம் என்கிற ஊதாநிறத் துணி விற்ற லீதியாள், நடுராத்திரியில் நடுங்கிப்போன சிறைச்சாலைக்காரன் என்று பிலிப்பி சபையின் ஆரம்பகால முகங்கள் அங்கே இருக்கின்றன. அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பவுல் காவலில் விலங்கோடு இருந்து எழுதுவதும், அந்தச் சபையின் இரண்டு பெண்களான எயோதியாளையும் சிந்திகேயாளையும் ஒரே சிந்தையாயிருக்கும்படி கெஞ்சுவதும் ஒரு குடும்பத்துக்கு வந்த கடிதம்போல இருந்தது.

நாலாம் அதிகாரத்தில்தான் நின்றுவிட்டேன். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தின வசனத்தில் "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்கிறார். திருப்தியாயிருப்பது, பட்டினியாயிருப்பது, இரண்டையும் தாங்குகிற பெலன் அது. விளங்கியது, சரி. ஆனால் எனக்கு அது தெரியுமா? அப்போது வேலை கையில் இல்லாத நேரம். ஜெபத்தில் முறையிடுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. இந்த வசனத்தை எனக்கே சொல்லிக்கொள்ளாமல் பிறருக்குச் சொல்ல வாய் வரவில்லை. சில வாரம் அந்தப் பகுதியை மட்டும் வைத்து ஜெபித்தேன். வேலை உடனே கிடைத்துவிடவில்லை. முறையீடு மட்டும் குறைந்தது.

எஸ்றா 7:10-ல் ஒரு வரிசை உண்டு: வேதத்தை ஆராய்வது, அதின்படி செய்வது, பிறகு உபதேசிப்பது. நடுவில் இருப்பதைத் தாண்டிப்போவதுதான் ரொம்ப சுலபம் என்று நினைக்கிறேன்.

வகுப்பில் ஒரு தம்பி, "இந்த வசனத்தைச் சொல்லிட்டுப் போனா பரீட்சையில பாஸ் ஆயிடலாமாண்ணே?" என்று கேட்டான். சிரிப்பு அடங்கியதும் முந்தின வசனத்தை அவனையே வாசிக்கச் சொன்னேன். "அப்போ ஃபெயிலானாலும் இது பொருந்தும்போல" என்றான். நான் தயார் பண்ணிய விளக்கத்தில் பாதி தேவைப்படவில்லை.

அடுத்து யாக்கோபு நிருபம். அதில் மூன்றாம் அதிகாரம் "உங்களில் அநேகர் போதகராகாதிருப்பீர்களாக" என்று தொடங்குகிறது. அதை எந்த முகத்தோடு நடத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.