குவில்ட் ஃபிரேமுடன் பழகும் நாட்கள்

ஜூன் 3

குவில்ட் தைக்கும் ஃபிரேம் வந்துவிட்டது, 10 அடி நீளம். குவில்ட் என்றால் மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு (பேட்டிங்), அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை. மேஜையில் தைக்கும்போது மெஷின் இருந்த இடத்தில் இருக்கும், கனத்த துணிமூட்டையை நாம்தான் திருப்பித் திருப்பித் தள்ள வேண்டும். இதில் துணி உருளைகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும், மெஷின் அதன்மேல் ஓடும். தரையில் மண்டியிட்டு மூன்று அடுக்கையும் குண்டூசி குத்திச் சேர்க்கும் வேலை இனி இல்லை. அந்த ஒன்றுக்காகவே பல நாள் ஆசைப்பட்டிருக்கிறேன்.

இன்று கால்களும் சட்டங்களும் மட்டும். போல்ட்டுகளை முதலில் பாதிதான் முடுக்கினோம். எல்லாம் சேர்ந்து, மூலைக்கு மூலை அளந்து இரண்டு பக்கமும் ஒரே அளவு வந்த பிறகுதான் முழு இறுக்கம். ஃபிரேமின் பின்பக்கமும் ஆள் நின்று வேலை செய்ய இடம் விட்டிருக்கிறேன். சுவரை ஒட்டிப் போட்டால், பின்பக்கம் விரிக்கும் வரைபடத் தாளின் கோடுகளைப் பார்த்துத் தைக்க முடியாது.

ஜூன் 4

முழு நாளும் மட்டம் பார்ப்பதிலேயே போயிற்று. போனால் போகட்டும், இதில் அவசரமே கூடாது. ரசமட்டத்தை நீளவாக்கில், அகலவாக்கில், நடுவில் என்று வைத்துப் பார்த்துக் கால் திருகுகளைத் திருகினோம். கடைசிச் சோதனை மெஷினே செய்து காட்டும். அதைத் தாங்கி ஓடும் வண்டியோடு நடுவில் நிறுத்திக் கையை எடுத்தால், நின்ற இடத்தில் நிற்க வேண்டும். தானாக ஒரு பக்கம் நகர்ந்தால் அங்கே பள்ளம். அப்படியே தைத்தால் அந்தச் சரிவோடு கை ஓயாமல் மல்லுக்கட்டும், வட்டமெல்லாம் கோணிப் போகும்.

தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைத்தேன். சக்கரத்தில் ஒரு நூல் துணுக்கு ஒட்டியிருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் மெஷின் துள்ளும். நேர்கோட்டில் சீரான இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன நெளிவு வந்தால், முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தைத்தான்.

ஜூன் 7

லீடர் துணி. உருளையோடு நிரந்தரமாக இருக்கும் கெட்டித் துணி இது. குவில்ட்டை இதில்தான் கோக்கிறோம். கத்தரியால் வெட்டாமல் கிழித்தேன், நெசவு நூலின் நேர்கோடு தானாகக் கிடைத்துவிடும். விளிம்பை மடித்துத் தைத்து, நடுவை அழியாத மையால் குறித்தாயிற்று. எல்லா லீடரிலும் நடுக்குறி ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அது தப்பினால் குவில்ட் சாய்வாகச் சுருளும்.

ஜிப் வைக்கலாம் என்கிறார்கள். தைத்துக்கொண்டிருப்பதைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை மாட்ட அது வசதி. எனக்கு இப்போதைக்குக் குண்டூசியே போதும்.

ஜூன் 9

முதல் குவில்ட் ஏறியது. அடித்துணியை நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டியிருந்தேன். பக்கக் கிளிப்புகள் கவ்வவும், ஓரத்தில் நூலின் இறுக்கத்தை (டென்ஷன்) பார்க்கவும் அந்த இடம் வேண்டும். அடித்துணியை மட்டும் இரண்டு உருளைகளில் கோத்து, பேட்டிங்கையும் மேல்துணியையும் அதன்மேல் தளர்வாக விரித்து, மேல் ஓரத்தில் நீளத் தையல் ஒன்று போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

பற்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்த தங்கை, “அக்கா, இன்னும் கொஞ்சம் இறுக்கவா?” என்றாள். வேண்டாம் என்றேன். துணி விறைப்பாக இருந்தால்தான் தையல் நன்றாக வரும் என்று யாருக்கும் தோன்றும். உண்மை நேர்மாறு. விறைத்த துணி ஊசியோடு சேர்ந்து மேலும் கீழும் அதிரும், தையல் விட்டுப் போகும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். அடியிலிருந்து ஒரு விரலால் மெல்லத் தள்ளினால், மேலே வைத்த கைக்கு அந்த விரல் நுனி தெரிய வேண்டும். அவ்வளவு தளர்ச்சி வேண்டும். பக்கக் கிளிப்புகளும் அப்படித்தான், துணியைச் சும்மா பிடித்திருந்தால் போதும், இழுக்கக் கூடாது.

ஜூன் 10

நூல் டென்ஷன். முதலில் பாபின் (அடிநூல் சுற்றிய சின்னச் சுருள்), அப்புறம்தான் மேல்நூல். பாபின் கேஸை உள்ளங்கையில் வைத்து நூலைப் பிடித்துத் தூக்கினால் கேஸ் நிமிர்ந்து நிற்க வேண்டும், கையை விட்டு எழும்பக் கூடாது. பிறகு ஓரத்துத் துணியில் வளைவுகளாகத் தைத்து, குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். வளைவுகளில் மேல்நூல் கண்ணிமை மயிர்போல வரிசையாக எட்டிப் பார்த்தது. மேல்நூலைக் கொஞ்சம் இறுக்கி, வளைவில் வேகத்தைக் குறைத்ததும் அடங்கிவிட்டது. இங்கே மெஷின் எல்லாத் திசையிலும் ஓடுவதால் ஊசி வளையும். அதனால் 16 அல்லது 18 ஆம் எண் ஊசிதான்.

தையல் சீராக்கியை அங்குலத்துக்கு 10 தையல் என்று வைத்தேன். வண்டிச் சக்கரத்தோடு உருளும் ஒரு சென்சார், கை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்த்து ஊசியின் வேகத்தை மாற்றுகிறது. கை தயங்கினால் ஊசியும் தயங்குகிறது. பழகும் கைக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது.

ஜூன் 14

துணைக்கருவிகளைப் பற்றி இப்போது சொல்லலாம். பக்கக் கிளிப், சீராக்கி, நல்ல வெளிச்சம் மூன்றும் முதல் நாளே வேண்டும். வண்டியை ஒரு திசையில் மட்டும் ஓடவிடும் பூட்டு, நேர்கோட்டுக்கு அருமை. நீள ஓரங்களை அதை வைத்தே அடித்தேன். லேசர் விளக்கு, பின்பக்கம் நின்று வரைபடத்தின்மேல் ஓட்டுபவர்களுக்கு. ரூலர் வைத்துத் தைப்பதானால் துணிக்கு அடியில் நீளும் மெஷினின் அடிக்கைக்கு அகலப் பலகையும், ரூலர் மேலே ஏறாதபடி ஊசியைச் சுற்றி நிற்கும் உயரமான ஃபுட்டும் இல்லாமல் தொடக் கூடாது. ஊசி ரூலரில் மோதினால் இரண்டும் போகும்.

தைத்த பகுதி சுருளச் சுருள உருளை பருக்கிறது, தைக்கும் இடம் குறுகுகிறது. மெஷினின் கை 18 அங்குலம் என்றால் அத்தனையும் தைக்கக் கிடைக்காது. குவில்ட்டின் பாதியைத் தாண்டியதும் அந்த உருளையை ஒரு படி உயர்த்தினேன். சுருளுக்கும் மெஷின் அடிக்கைக்கும் இடையே ஒரு விரல் நுழையும் சந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உரசும். இன்னும் மூன்று வரிசை பாக்கி. நாளை காலை பாபின்களை மொத்தமாகச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.