இழப்புக்குப் பின் ஆய்வு மேசைக்குத் திரும்பும்போது

நெருங்கியவரைப் பறிகொடுத்தபின் ஆய்வேட்டைத் திறந்தால், ஒரே பத்தியை நான்கு முறை படித்தாலும் மனதில் தங்காது. மூளை மழுங்கிவிட்டதோ என்று பலரும் அஞ்சுகிறார்கள். அப்படியில்லை. துக்கம் முதலில் கைவைப்பது தூக்கத்திலும் கவனத்திலும்தான். அறிவு அப்படியே இருக்கிறது.

ஆகவே வேலையைத் தரம் பிரியுங்கள். புது வாதம் கட்டுவதைத் தள்ளிவையுங்கள். மேற்கோள்களைச் சரிபார்ப்பது, படங்களுக்கு எண்ணிடுவது போன்றவற்றை 25 நிமிடம் வீதம் நாளுக்கு இரண்டு தடவை செய்தால் போதும். எழுந்திருக்கும்முன் அடுத்த வேலையை ஒரு வரியில் குறித்துவையுங்கள். "இயல் 3-ஐ முடி" என்று எழுதினால் மறுநாள் கை ஓடாது. "பக்கம் 43, அட்டவணை 2, கூட்டுத்தொகையைப் பார்" என்றால் உட்கார்ந்ததும் தொடங்கலாம். இந்த நாட்களில் மூலத் தரவுக் கோப்பைத் தொடவே வேண்டாம்; தேதியிட்ட நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். தூக்கம் கெட்ட நாளில் அழித்த கோப்பு திரும்ப வராமல் போகலாம்.

நெறியாளரிடம் "கொஞ்சம் அவகாசம் வேண்டும்" என்று மட்டும் சொன்னால், எவ்வளவு என்று அவருக்கும் புரியாது. ஒரு வாரத்தில் நினைவூட்டல் வரும், உங்களுக்குக் குற்றவுணர்வு கூடும். இப்படி எழுதுங்கள்: "என் தந்தை காலமானார். நான்கு வாரங்களுக்கு என்னால் புதிதாக எழுத இயலாது. மேற்கோள் பட்டியலைச் சரிசெய்து தருகிறேன். அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை நிலவரம் தெரிவிக்கிறேன்." நாலே வரி.

வேலை ஓடிய நாளில் இறந்தவரை மறந்துவிட்டோமோ என்று உறுத்தும். அழுத நாளில் பொழுது வீணாயிற்றே என்று உறுத்தும். இழப்பிலும் அன்றாடத்திலும் மாறி மாறி நிற்பதே துக்கத்தின் இயல்பான போக்கு என்று 1999-இல் உளவியல் ஆய்வாளர்களான ஸ்ட்ரோபேயும் ஷூட்டும் விளக்கினார்கள். இரண்டு நாளுமே சரியான நாள்தான்.

தன்னையே ஐயுறுவது இன்னும் நுட்பமாக வரும். பாராட்டினால்கூட, "இரக்கப்பட்டுச் சொல்கிறார்கள்" என்று மனம் திருப்பிப் போடும். இழப்புக்கு முன்பே எழுத்தில் கிடைத்த மதிப்புரைகளைத் தேதியோடு ஒரே கோப்பில் சேர்த்துவையுங்கள். அவற்றை எழுதியவர்களுக்கு உங்கள் துக்கம் தெரியாது.

ஆய்வையே விட்டுவிடத் தோன்றினால் முதலில் விடுப்புக் கேளுங்கள். விடுப்பிலிருந்து திரும்பலாம், பதிவை ரத்துசெய்தால் எளிதில் முடியாது. விடுப்புக் காலத்தில் உதவித்தொகை நிற்குமா, பதிவுக் காலம் நீளுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் சீராகவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள்: அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.