வக்கீலுக்கு எழுதிய கடிதம்

2014 மே மாதம் அமெரிக்க நீதித் துறை கம்ப்யூட்டர்களில் புகுந்து தகவல் திருடியதாக ஐந்து சீன ராணுவ அதிகாரிகள் மீது போட்ட குற்றப்பத்திரிகையை இன்று காலை படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

சோலார்வேர்ல்ட் என்ற சோலார் பேனல் கம்பெனி. அடிமாட்டு விலைக்குச் சீன சோலார் பேனல்கள் வந்து குவிகின்றன என்று 2011-ல் அமெரிக்க அரசிடம் புகார் கொடுத்தது. அடுத்த வருடமே சீன ராணுவத்தினர் அதன் கம்ப்யூட்டர்களில் புகுந்து, உற்பத்திச் செலவுக் கணக்கோடு, வழக்கு சம்பந்தமாக வக்கீல்களோடு பேசிய கடிதங்களையும் அள்ளிக்கொண்டு போனார்களாம். சீனா மறுத்தது.

நியாயம் கேட்டுப் போனவன் மடியிலேயே கை!

2015-ல் ஒபாமாவும் ஷி ஜின்பிங்கும் இப்படி வணிக ரகசியங்களைத் திருடுவதில்லை என்று உடன்பாடு கண்டார்கள். 2018-ல் சீனப் பொருட்கள் பலவற்றின் மீது அமெரிக்காவின் 25 சதவீத வரி வந்தது. சரி, வரி போடட்டும். ஆனால் புகார் கொடுக்கிறவன் வீட்டுக்கு முதலில் ஒரு நல்ல பூட்டு வாங்கிக் கொடுங்கள்.