முட்டுக் கல்

சேலம் அஸ்தம்பட்டி சிக்னலில் வழிவிடாமல் முறைத்த அதே டெம்போக்காரர்தான், ஏற்காடு மலைப்பாதையில் நம் வண்டி நின்றுபோனால் டயருக்கு முட்டுக் கொடுக்கக் கையில் கல்லோடு இறங்கி ஓடிவருவார். டூரிஸ்ட் வேன், காய்கறி வண்டி, காப்பி மூட்டை ஏற்றும் லாரி என்று இந்தப் பாதையில் ஓட்டிப் பிழைக்கும் எல்லோருக்கும் இது தெரியும். பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. "என்னண்ணா, சூடாயிருச்சா?" அவ்வளவுதான்.

அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். ஏறும்போது வரும் தொல்லை பெரும்பாலும் ரேடியேட்டர். ஓரம் கட்டி, இன்ஜின் ஆறும்வரை மூடியைத் தொடாமல் இருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. அந்தத் தண்ணீரும் பல நேரம் வளைவில் கொய்யாவும் பேரிக்காயும் விற்கிற அக்காவின் குடத்திலிருந்து வந்ததாக இருக்கும்.

இறங்கும்போது வருவதுதான் ஆபத்து. ஏறிய அதே கியரில் இறங்கு என்பது பழைய பாடம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் மொத்த பாரமும் பிரேக் மேல் விழும். முதலில் கருகல் வாடை வரும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வண்டி பிடிக்காது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் இழுத்துப் பிடிப்பது குறைவு என்பதால் இன்னும் சீக்கிரம் சூடேறும்.

வாடை வந்த இடத்திலேயே ஓரம் கட்டி, அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதிக்கிற இரும்பு சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும். ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பவும் கூடாது. பெரும்பாலான வேன்களில் அது பிடிப்பதும் அதே சூடேறிய பிரேக் லைனிங்கைத்தான். ரிவர்ஸ் கியரில் போட்டு, ஸ்டியரிங்கை மலைப்பக்கம் திருப்பி, டயருக்குக் கல் கொடுக்க வேண்டும்.

கல் தேங்காய் அளவாவது இருக்க வேண்டும். உருண்டை உதவாது, அடி தட்டையாக, ஆப்பு மாதிரி இருப்பது நல்லது. இறக்கம் பார்த்து நிற்கும் வண்டிக்குச் சக்கரத்தின் முன்னால், ஏற்றம் பார்த்து நிற்பதற்குப் பின்னால். டயரோடு ஒட்டி வைக்க வேண்டும். நாலு விரல் இடைவெளி விட்டால்கூட, உருண்டுவரும் வேகத்தில் டயர் கல்மேல் ஏறிவிடும். வைக்கிறவர் சக்கரத்துக்கு நேரே குனியாமல், பக்கவாட்டிலிருந்து தள்ள வேண்டும். புதிதாக மலையேறும் ஆக்டிங் டிரைவர்களுக்கு இதையெல்லாம் யாரும் வகுப்பெடுத்துச் சொல்வதில்லை. முன்பின் தெரியாத ஒருவர், "தம்பி, நேரா நிக்காதீங்க, இப்படி வாங்க" என்று தோளைப் பிடித்து இழுக்கும்போதுதான் கற்றுக்கொள்கிறார்கள்.

கல்லை வைக்க ஒரு ஆள் போதும். எடுக்கத்தான் இன்னொருவர் வேண்டும். இறக்கத்தில் நிற்கும் வண்டியை அரை அடி பின்னுக்கு எடுத்தால்தான் கல் விடுபடும். டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்து இறங்கிவர முடியாது. ஏற்றத்திலோ, கிளம்பிய வண்டியை மறுபடி நிறுத்த மனம் வராது. கல் நடுரோட்டில் கிடக்கும். மூடுபனியில் பைக்கில் வருகிறவருக்கு அதுவே எமன். அதனால் எங்கள் கணக்கில், கல் கொண்டுவந்தவரைவிட அதை எடுப்பதற்காகக் காத்து நிற்பவர் ஒரு படி மேல். அவருக்கும் லோடு இறக்க வேண்டிய நேரம் இருக்கிறது. அவர் பின்னாலும் நாலு வண்டி ஹாரன் அடிக்கிறது. ஆனாலும் நிற்கிறார்.

வண்டி நகர்ந்ததும் காலால் கல்லைத் தள்ளி, இரு கையாலும் தூக்கி, தடுப்புச் சுவரின் அடியில், அடுத்து வருகிறவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைப்பார். அதற்குள் அந்த வேன் கீழ்வளைவு திரும்பியிருக்கும். அங்கிருந்து இரண்டு ஹாரன் சத்தம் மட்டும் மேலே வரும்.