ஷட்டரில் தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கிறது?

கழிவுநீர் உந்து நிலையங்களில் எங்கள் ஆட்கள் ‘ஷட்டர்’ என்பதும், டெண்டர் ஆவணங்கள் ‘ஸ்லூஸ் கேட்’ என்பதும், வெளிநாட்டுத் தயாரிப்பாளர்கள் ‘பென்ஸ்டாக்’ என்பதும் ஒரே பொருளைத்தான்: சுவரிலுள்ள திறப்பை அடைக்கவும் விடவும், சட்டத்துக்குள் ஏறி இறங்கும் ஒரு பலகை. மின்வாரியக்காரர்களிடம் பென்ஸ்டாக் என்று சொன்னால், நீலகிரியிலுள்ள சிங்காரா மின்நிலையத்துக்கு மலைச்சரிவில் இறங்கும் பெரிய குழாய்களையே நினைத்துக்கொள்வார்கள். அது போகட்டும், குழாயில் பூட்டும் ஸ்லூஸ் வால்வைக் கேட்டவருக்குச் சுவரில் பூட்டும் ஸ்லூஸ் கேட்டுக்கு விலை வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஷட்டர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அகலத்தையும் உயரத்தையும் எழுதிவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து அழுத்தும் என்பதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் பலகையைச் சட்டத்தின் மீது அழுத்துமானால், அழுத்தமே பாதி அடைப்பைச் செய்துவிடும். பலகையைச் சட்டத்திலிருந்து விலக்கித் தள்ளுமானால், ஆப்புகளும் ரப்பரும் மட்டுமே அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பலகையின் நடுமையம் ஐந்து மீட்டர் ஆழத்தில் இருந்தால், அதன் மீது விழும் விசை ஏறக்குறைய 5 டன். உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், பலகையின் எடையைக் கணக்கில் சேர்க்காமலே பலகையை ஏற்றி இறக்கும் மரைத்தண்டான ஸ்பிண்டில் 1.5 டன் இழுத்தாக வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில், வரைபடத்தில் ஓட்டத்தின் அம்புக்குறி போடப்படாததால், சேகரிப்புக் கிணற்றின் உட்சுவரில் பொருத்திய ஷட்டர் முதல் நாளிலிருந்தே ஒழுகியது; புதிய ரப்பர் இருமுறை மாற்றிய பிறகுதான், பலகை எந்தத் திசை அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது என்று கேட்க எங்களுக்குத் தோன்றியது.

வார்ப்பிரும்பு ஷட்டர்களுக்கு ஐ.எஸ். 13349 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. பலகையும் சட்டமும் ஒன்றோடொன்று பொருந்தி அடையும் வெண்கல இருக்கைகளோடு வரும் அவை கனமானவை, ஆனால் பொறுமையானவை. துருப்பிடிக்காத எஃகில் 304, 316 என்ற இரண்டு ரகங்களில் கழிவுநீருக்கு 316-ஐயே நான் கேட்பேன். அதிலுள்ள மாலிப்டினம் குளோரைடு அரிப்பைத் தாங்க உதவுகிறது, கடலோர ஊர்களில் அது சொகுசு அல்ல. கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடை நீர்மட்டத்துக்கு மேலுள்ள ஈரச் சுவரில் வாழும் பாக்டீரியா கந்தக அமிலமாக மாற்றிவிடுவதால், மூழ்கிக் கிடக்கும் பாகத்தைவிட மேலே தெரியும் பாகமே முதலில் கெடுகிறது. இவ்வளவும் தெரிந்து 316-இல் சட்டம் வாங்கியவர்கள், அதைச் சுவரில் பிடிக்கக் கடையில் கிடைத்த துத்தநாகம் பூசிய போல்ட்டைப் போட்டுவிடுவதுதான் வேடிக்கை. ஈரத்தில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் எது கரையும் என்பதைச் சில மழைக்காலங்களுக்குள் அந்தப் போல்ட்டே காட்டிவிடும். ரப்பர் விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால், எண்ணெயும் கொழுப்பும் மிகுந்து வரும் இடத்தில் ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் ஊதிப்போகும், அங்கே நைட்ரைல் ரப்பர் வேண்டும்.

ஸ்பிண்டில் மேலெழும் வகையாக இருப்பது நல்லது. எழாத வகையில் மரை முழுவதும் சாக்கடைக்குள்ளேயே கிடப்பதால், அதற்கு கிரீஸ் வைக்கக்கூட ஆள் இறங்க வேண்டியிருக்கும். முன்பு சொன்ன ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஏறக்குறைய 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) அளவை எட்டும்போது மூக்கின் மோப்பத்தையே மழுங்கடித்துவிடுகிறது. நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்கியவர்கள் மேலே வராமல் போனதற்குக் காரணம் இதுதான். பாதுகாப்பு ஏற்பாடின்றி ஆளைச் சாக்கடைக்குள் இறக்கித் துப்புரவு செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆகவே ஒரு ஷட்டரின் விலையைப் பார்க்கும்போது, அது இறுகிக்கொண்டால் யார் எப்படி எடுப்பார்கள் என்ற கேள்வியையும் அந்த விலையோடு சேர்த்தே பார்க்கிறேன்.

இறுகிக்கொள்வதற்கான முதற்காரணம் ஓட்டாமல் விடுவது. மாதம் ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்ற வேண்டும். மரையில் காய்ந்த பழைய கிரீஸை மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் கொண்டு நீக்கிவிட்டுத்தான் புதியதைத் தடவ வேண்டும், மணல் கலந்த பழையதன் மேலேயே பூசினால் அது அரைக்கும் பசையாகிவிடும். மோட்டார் வைத்த ஷட்டர் பாதியில் நின்றால், முறுக்குவிசை மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் டார்க் சுவிட்சின் அளவை ஏற்றிவைத்து மீண்டும் ஓட்டுவது நம்மிடையே பரவலான கெட்ட பழக்கம். மூடும்போது அந்த நீண்ட தண்டு அமுக்கத்தில் இருப்பதால், இடையில் சுவர்த்தாங்கிகள் தளர்ந்திருந்தால் வில்லாக வளைந்துவிடும். கைச்சக்கரத்தில் குழாயைச் செருகி நெம்புவதும் அதே ரகம்.

எங்கள் நிலையத்தில் சக்கரத்தின் தூணில் ஒரு தகடு தொங்கும். முழுதாக மூட 64 சுற்று என்று அதில் பெயின்டால் எழுதியிருப்போம். ஓர் ஐப்பசி மாதச் சோதனையில் 61-இல் நின்றுவிட்டது. ஆபரேட்டர் அண்ணன் நெம்பவில்லை. நாலு சுற்று திரும்ப ஏற்றி, அடியில் விழுந்த சந்து வழியே தண்ணீர் சீறிப் பாய ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு இறக்கினார். 62. மறுபடி ஏற்றினார், மறுபடி விட்டார். மூன்றாம் முறை 64-க்கு வந்தது. கம்பித்தடுப்பில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு தேங்காய் மட்டை.