ஸ்விண்டாலை அறிய சூப்பர்-ஜியைப் பாருங்கள்

நோர்வேயின் அல்பைன் ஸ்கீ (பனிச்சறுக்கு) வீரர் அக்செல் லுண்ட் ஸ்விண்டாலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 2018 ஒலிம்பிக் டவுன்ஹில் தங்கத்தில் தொடங்கி அதோடே முடித்துவிடுகிறார்கள். பெரிய வெற்றிதான், மறுப்பில்லை. ஆனால் அவர் எப்படிப்பட்ட வீரர் என்று தெரிய வேண்டுமானால் டவுன்ஹிலைவிடத் திருப்பங்கள் அதிகமான வேகப் போட்டியான சூப்பர்-ஜியைத்தான் பார்க்க வேண்டும். உலகக் கிண்ணப் போட்டிகளில் அவர் பெற்ற 36 வெற்றிகளில் 17 சூப்பர்-ஜி, 14 டவுன்ஹில், 4 ஜயன்ட் ஸ்லாலம் (திருப்பங்கள் இன்னும் நெருங்கியது), 1 கம்பைன்ட் (வேக ஓட்டமும் ஸ்லாலமும் சேர்ந்தது). பருவம் முழுதும் அதிகப் புள்ளி சேர்த்தவருக்குக் கொடுக்கும் கிறிஸ்டல் குளோப்பை சூப்பர்-ஜிக்கு மட்டும் 5 முறை எடுத்திருக்கிறார்: 2006, 2009, 2012, 2013, 2014.

ஒஸ்லோவிலும் பேர்கனிலும் இருக்கும் திருகோணமலைப் பிள்ளைகள் குளிர்காலத்தில் இங்கே சித்திமாருக்கும் மாமாமாருக்கும் அனுப்பும் படங்களில் காலில் பூட்டியிருப்பது பெரும்பாலும் வேறு வகை ஸ்கீ. அது சமதரையிலும் மேட்டிலும் தள்ளித் தள்ளிப் போவதற்கானது. மெல்லியது, சப்பாத்தின் முன்பக்கம் மட்டும் பூட்டியிருக்கும், குதிக்கால் எழும்பும். அல்பைன் என்பது மலையிலிருந்து கீழே இறங்குவது. அதில் குதிக்காலும் பூட்டப்படும். சப்பாத்து தடித்த பிளாஸ்டிக் ஓடு, கணுக்காலை அசையவிடாது. அதனால் கணுக்கால் தப்பிவிடும், அடியெல்லாம் முழங்காலுக்குப் போகும். அல்பைன் வீரர்களின் காயங்கள் திரும்பத் திரும்ப முழங்காலிலேயே வந்து நிற்பது இதனால்தான்.

வேகப் போட்டிகள் இரண்டு. ஆண்களுக்கான டவுன்ஹிலில் ஸ்கீ குறைந்தது 218 சென்றிமீற்றர் நீளம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான செங்குத்து இறக்கம் 800 முதல் 1,100 மீற்றர் வரை. திருகோணமலைச் சுவாமிமலை முனையில் நின்று கீழே கடலைப் பார்க்கும்போது வரும் கூச்சத்தைப் பல மடங்காக்கிப் பாருங்கள். போட்டிக்கு முந்திய நாட்களில் அதே பாதையில் முழு வேகத்தில் பயிற்சி ஓட்டம் உண்டு. சூப்பர்-ஜியில் ஸ்கீ குறைந்தது 210 சென்றிமீற்றர், இறக்கம் 400 முதல் 650 மீற்றர், கேட்டுகள் (ஊடாகப் போக வேண்டிய கம்ப வாசல்கள்) நெருக்கம், திருப்பங்கள் அதிகம். வேகம் டவுன்ஹிலுக்குச் சற்றே கீழே. எல்லாவற்றையும் மாற்றிப்போடும் விதி ஒன்றுதான்: பயிற்சி ஓட்டம் கிடையாது.

போட்டியன்று காலையில் சுமார் ஒரு மணித்தியாலம் பாதையைப் பார்வையிட விடுவார்கள். கேட்டுகளுக்கு ஊடாக ஓடிப் பார்க்கக்கூடாது. ஓடினால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். பக்கவாட்டில் மெல்ல மெல்லச் சறுக்கி இறங்கி, இடையிடையே நின்று, பாதை முழுவதையும் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது மேடுகளுக்கு அப்பால் மறைந்திருக்கும் கேட்டுகள். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும்போது அவை தெரியா. ஆகவே மேட்டின் உச்சியிலிருந்து நேரே தெரியும் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறியாக எடுத்து, அந்தக் குறியை நோக்கியே எழும்ப வேண்டும். காற்றில் இருக்கும்போது திசையை மாற்ற முடியாது. எழும்பும் கணத்தில் ஸ்கீ எங்கே பார்த்ததோ அங்கேதான் விழும். அடுத்தது பனியின் தன்மை. தண்ணீர் ஊற்றி இறுக்கிய இடம் எது, நிழலில் ஐஸாகக் கிடப்பது எது, வெயில் பட்டு மென்மையானது எது. கடைசியாக, ஒவ்வொரு சமதரைக்கும் முன்னால் உள்ள திருப்பம்.

அந்தக் கடைசி விடயத்தில்தான் போட்டிகள் கைநழுவுகின்றன. குறுகிய தூரம் என்று நினைத்து ஒருவர் கேட்டை நோக்கி நேரே போகிறார் என்று வையுங்கள். அந்தக் கேட்டைத் தொடும்வரை அவர்தான் முன்னிலை. ஆனால் அடுத்த கேட்டுக்குத் திரும்பத் தொடங்கப் பிந்திவிடுகிறது. விளிம்பைப் பதித்து வளைவதற்குப் பதிலாக ஸ்கீயைக் குறுக்கே போட்டு அரைக்க வேண்டியிருக்கிறது, பனித்தூள் பறக்கிறது, வேகம் இறங்குகிறது. திருப்பத்தில் போன நேரம் சிறிதுதான். ஆனால் குறைந்த அந்த வேகத்தோடேயே பின்னால் வரும் நீண்ட சமதரை முழுவதையும் கடக்க வேண்டும், அங்கேதான் அரைச் செக்கன் போய்விடும். ஸ்விண்டால் இதற்கு எதிர்மாறு. கேட்டுக்குச் சற்று மேலே, அகலமாக வந்து, திருப்பத்தின் பெரும்பகுதியைக் கேட்டுக்கு முன்பே முடித்துவிடுவார். பார்வைக்கு அவசரமே இல்லாத ஓட்டம். கீழே வந்து மணிக்கூட்டைப் பார்த்தால்தான் தெரியும். 189 சென்றிமீற்றர் உயரமும் கனமான உடலும் சமதரையில் அவருக்குத் துணை என்பது உண்மை, ஆனால் பாரம் உள்ளவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள்.

1982 டிசம்பர் 26 அன்று ஒஸ்லோவுக்கு அருகே லோரன்ஸ்கூக்கில் பிறந்தவர். 2005 உலகச் சாம்பியன்ஷிப்பில் கம்பைன்டில் வெள்ளி. 2007இல் சுவீடனின் ஓரேயில் டவுன்ஹில், ஜயன்ட் ஸ்லாலம் இரண்டிலும் உலகச் சாம்பியன். அதே பருவத்தில், எல்லா வகைப் போட்டிகளின் புள்ளிகளையும் சேர்த்துக் கொடுக்கும் ஒட்டுமொத்த உலகக் கிண்ணமும் அவருக்கே.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் பீவர் கிரீக்கில், டவுன்ஹில் பயிற்சி ஓட்டத்தில், கோல்டன் ஈகிள் என்ற பாய்ச்சலில் உடல் சமநிலை தவறி விழுந்தார். முகத்தில் எலும்பு முறிவுகள். ஸ்கீயின் விளிம்பு உடலின் கீழ்ப்பகுதியில் ஆழமாக வெட்டிவிட்டது. அந்த விளிம்பு உருக்கு, ஐஸைக் கடிப்பதற்காகப் போட்டிக்குப் போட்டி தீட்டப்படுவது. பருவம் முழுதும் போயிற்று. மறு ஆண்டு டிசம்பரில் அதே மலைக்குத் திரும்பி வந்து, அடுத்தடுத்த நாட்களில் டவுன்ஹிலையும் சூப்பர்-ஜியையும் வென்றார்.

அந்தப் பருவத்தின் முடிவில் ஒட்டுமொத்தக் கணக்கில் ஒஸ்திரியாவின் பெஞ்சமின் ரைக் 1,007 புள்ளி, ஸ்விண்டால் 1,009. முதலிடத்துக்கு 100, இரண்டாமிடத்துக்கு 80, மூன்றாமிடத்துக்கு 60 என்று இறங்கி, 30ஆம் இடத்துக்கு 1 புள்ளி கொடுப்பது வழக்கம். 10ஆம் இடத்துக்கு 26, 11ஆம் இடத்துக்கு 24. ஒரேயொரு போட்டியில் ஒரேயொரு இடம் பிந்தியிருந்தாலே இரண்டு புள்ளி போய்விடும். பிடிக்காத பாதையிலும் விழாமல் இறங்கி, கிடைத்ததைச் சேர்த்து வைப்பவருக்குத்தான் ஒட்டுமொத்தக் கிண்ணம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் சூப்பர்-ஜியில் தங்கம், டவுன்ஹிலில் வெள்ளி, ஜயன்ட் ஸ்லாலத்தில் வெண்கலம். டவுன்ஹிலில் சுவிற்சர்லாந்தின் டிடியே டெஃபாகோவிடம் தோற்றது 0.07 செக்கனில். நோர்வேக்கு இது பழைய காயம். 1994இல் சொந்த மண்ணில் ஷெட்டில் ஆந்த்ரே ஓமொட் 0.04 செக்கனில் தவறவிட்டார். 1998இலும் 2002இலும் லாசே ஷூஸுக்கு வெள்ளி. ஓமொட் 8 ஒலிம்பிக் பதக்கம் எடுத்தவர், ஷூஸ் 1999 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஐந்து போட்டிகளிலும் பதக்கம் எடுத்தவர். இவ்வளவு இருந்தும் அதுவரை ஆண்கள் ஒலிம்பிக் டவுன்ஹில் தங்கம் மட்டும் அந்த நாட்டுக்கு வரவே இல்லை.

2014 ஒக்டோபரில், பருவம் தொடங்கும் தறுவாயில், பந்து தட்டிக்கொண்டிருந்தபோது ஸ்விண்டாலின் குதிநாண் அறுந்தது. நாலு மாதத்தில் உலகச் சாம்பியன்ஷிப்புக்கு வந்து டவுன்ஹிலிலும் சூப்பர்-ஜியிலும் 6ஆம் இடம். இறுக்கமான சப்பாத்து கணுக்காலைப் பிடித்து வைத்திருப்பதால் ஓட்டக்காரர் ஒருவருக்கு முடியாத அவசரம் ஸ்கீ வீரருக்குச் சற்று முடிகிறது. முழங்காலுக்கு அந்தச் சலுகை இல்லை.

அடுத்த பருவத்தில் ஜனவரிக்குள் 7 வெற்றி. 2016 ஜனவரி 22 அன்று ஒஸ்திரியாவின் கிட்ஸ்பியூலில் சூப்பர்-ஜியை வென்றார். மறுநாள் அதே மலையில் டவுன்ஹில். மங்கிய வெளிச்சம். அப்படியான வெளிச்சத்தில் பனியில் நிழல் விழாது. குழியும் திட்டும் ஒரே வெள்ளையாகத் தெரியும். ஹவுஸ்பெர்க்கான்டே என்ற விளிம்பைத் தாண்டியதும் பாதை சரிவின் குறுக்கே ஓடும், அங்கே தரை திட்டுத் திட்டாக இருந்தது. அன்று அந்த ஒரே பகுதியில் மூவர் விழுந்தார்கள், அவர்களில் ஒருவர் ஸ்விண்டால். முழங்காலின் முன்குறுக்கு இணைநார் அறுந்தது, உட்குருத்தெலும்பும் சேதம். 30 பேர் ஓடியதும் போட்டியை நிறுத்தினார்கள். முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்த பருவத்தில் திரும்பி வந்தார். 2017 ஜனவரியில் அதே முழங்காலுக்கு மறுபடி சத்திரசிகிச்சை, பருவம் அங்கேயே முடிந்தது.

தென்கொரியாவின் ஜியோங்சொன் பாதை 2018 ஒலிம்பிக்குக்காகவே புதிதாக வெட்டப்பட்டது. அதில் அதற்கு முன் நடந்த ஒரே ஆண்கள் உலகக் கிண்ண டவுன்ஹில் 2016 பெப்ரவரியில். வென்றவர் சக நாட்டவர் ஷெட்டில் யான்ஸ்ரூட். ஸ்விண்டால் அப்போது காயத்தோடு வீட்டில். ஆக, 2018இல் ஒரு சில பயிற்சி ஓட்டங்களை வைத்து அந்த மலையை அவர் படிக்க வேண்டியிருந்தது. பலத்த காற்றால் போட்டி பெப்ரவரி 11இலிருந்து 15க்குத் தள்ளிப்போனது. செங்குத்து குறைவு, மேடுகளும் நீண்ட வளைவுகளும் அதிகம். கிட்ஸ்பியூல் போலத் துணிச்சலை மட்டும் கேட்கும் பாதை அல்ல. சூப்பர்-ஜிக்காரருக்கு வாய்ப்பான நிலம். 1:40.25 நேரத்தில் ஸ்விண்டால் முதலிடம், 0.12 செக்கன் பின்னே யான்ஸ்ரூட், 0.18 பின்னே சுவிற்சர்லாந்தின் பியற் ஃபொய்ஸ். மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த பாதையின் முடிவில் முதலிருவருக்கும் இடைவெளி மூன்றரை மீற்றர் அளவு. 35 வயதில், அதுவரை அல்பைன் ஒலிம்பிக் தங்கம் பெற்றவர்களில் மிக மூத்தவரானார்.

36ஆவது, கடைசி உலகக் கிண்ண வெற்றி 2018 டிசம்பரில் இத்தாலியின் வால் கார்டெனாவில், அதுவும் சூப்பர்-ஜி. 2019 பெப்ரவரி 9, ஓரேயில் உலகச் சாம்பியன்ஷிப் டவுன்ஹிலில் யான்ஸ்ரூட்டிடம் 0.02 செக்கனில் தங்கத்தை விட்டு, வெள்ளியோடு விலகினார்.

பழைய ஓட்டங்களைப் பார்க்க நினைப்பவர்கள் 2016 கிட்ஸ்பியூல் சூப்பர்-ஜியில் தொடங்கலாம். ஸ்விண்டாலின் ஓட்டத்துக்கு முன் இரண்டு மூன்று பேரின் ஓட்டத்தையும் சேர்த்தே பாருங்கள், அப்போதுதான் அவர் இறங்கும் கோட்டின் வித்தியாசம் பிடிபடும். கேட்டுக்கு மேலே திருப்பத்தை எங்கே தொடங்குகிறார், பனித்தூள் எவ்வளவு பறக்கிறது என்பதைக் கவனித்து, அடுத்து வரும் இடைநேரத்தோடு (பாதையின் நடுவில் எடுக்கும் நேரம்) பொருத்திப் பாருங்கள். நேரலைக்கு: ஐரோப்பியக் குளிர்காலத்தில் நம் நேரம் நாலரை மணித்தியாலம் முன்னே. கிட்ஸ்பியூலும் சுவிற்சர்லாந்தின் வெங்கெனும் மாலை 4, 5 மணியளவில் வரும். பீவர் கிரீக் என்றால் இரவு 11 தாண்டி விழித்திருக்க வேண்டும்.